ரைசன் 5 2600ஐ 4 ஜிகாஹெர்ட்ஸ்ல நிக்க வைக்கிறது எப்படி

கம்மி பட்ஜெட்ல ஓவர்கிளாக் பண்ணி, அதாவது சிப்பை கம்பெனி வச்ச வேகத்தை விட வேகமா ஓட்டிப் பழகணும்னா எந்த சிப் (ப்ராசஸர்) எடுக்கலாம்னு கேட்டா இன்னைக்கும் நான் ஏஎம்டியோட ரைசன் 5 2600தான் சொல்வேன். 2018 ஏப்ரல்ல வந்த சிப்பு, 6 கோர் (தனித்தனியா வேலை செய்யுற பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துக்குற வேலை), கிளாக், அதாவது ஓடுற வேகம், அடிப்படையா (பேஸ்) 3.4, தானா ஏறினா (பூஸ்ட்) 3.9 ஜிகாஹெர்ட்ஸ், விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்லயும் இருக்கு. இப்போ செகண்ட் ஹேண்ட்ல கம்மி காசுக்குக் கிடைக்குது, நிறைய வீட்ல பி450 மதர்போர்டோட சேந்து இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. எல்லா கோருக்கும் ஒண்ணா வேலை குடுத்தா இது சாதாரணமா 3.6, 3.7 பக்கம்தான் நிக்கும், அதை 4.0 இல்ல 4.1ல நிக்க வைக்கிறதுதான் நாம பண்ணப் போறது. கிட்டத்தட்ட 10 சதவீதம் வேகம், நல்ல கூலரும் பவர் சப்ளையும் ஏற்கெனவே இருந்தா காசு செலவில்லாம.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாம் இதுலேர்ந்துதான் வருது. எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் வந்துச்சுங்கறது முக்கியமே இல்ல, அது எத்தனை வோல்ட்ல நிக்குதுங்கறதுதான் முக்கியம். 1.28 வோல்ட்ல மணிக்கணக்கா அசையாம நிக்குற 4.0, 1.42 வோல்ட்ல தட்டுத் தடுமாறி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்குற வரைக்கும் நிக்குற 4.2ஐ விட எவ்வளவோ மேல். கிளாக் ஏத்தினதால மட்டும் சிப் செத்துப் போகாது, மிஞ்சிப் போனா ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும். சிப்பைத் தேய வைக்கிறது வோல்டேஜும், அதோட சேந்து ஓடுற கரண்டும், சூடும்.

ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சிப் இழுக்குற பவர் கிளாக்கோட நேரா ஏறும், ஆனா வோல்டேஜோட ஸ்கொயர்ல ஏறும். 3.7 ஜிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்ல ஓடுற சிப்பை 4.1க்கு 1.35 வோல்ட்ல கொண்டு போறீங்கன்னு வைங்க. கிளாக் ஏறினது 11 சதவீதம். வோல்டேஜ் பங்கு மட்டும் 1.44லேர்ந்து 1.82, அதாவது 26 சதவீதம். ரெண்டையும் பெருக்கினா சூடு 40 சதவீதம் கூட. 11 வாங்க 40 குடுக்குறீங்க. கடைசி 50, 100 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை அள்ளி ஊத்துறது ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா இதனாலதான்.

முதல்ல உங்க சிப்பும் போர்டும் விடுமான்னு பாருங்க

ஏஎம்டி பக்கம் ரைசன்ல கிட்டத்தட்ட எல்லா டெஸ்க்டாப் சிப்பும் மல்டிப்ளையர் (அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்கா பெருக்கணும்ங்கற எண்) திறந்துதான் வரும் (5800எக்ஸ்3டி மாதிரி சிலது விதிவிலக்கு). ஆனா போர்டு ஒத்துக்கணும். ஏஎம்4ல (2600 உக்காருற சாக்கெட் வகை) ஏ320 போர்டு வச்சிருந்தா சிபியூ ஓவர்கிளாக் கிடையாது, அதோட விட்டுடுங்க. பி350, பி450, பி550, எக்ஸ் சீரிஸ் போர்டுன்னா ஓகே.

இன்டெல்ல கதை வேற. பேர்ல கே இருக்குற சிப்பும் இசட் சீரிஸ் போர்டும் வேணும், ரெண்டும் சேந்தா பட்ஜெட்ங்கற பேச்சே போயிடும். ஐ3-12100எஃப் மாதிரி சிப் வச்சிருக்கவங்க மல்டிப்ளையரைத் தொட முடியாது, அவங்களுக்கு ரேம் சரியான ஸ்பீடுல ஓடுதான்னு பாக்குறதுதான் மிச்சம். ஒரு காலத்துல இன்டெல்தான் இந்த விளையாட்டோட ராஜா. 1998ல வந்த செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ல (போர்டோட அடிப்படை கிளாக்) ஓட வேண்டியதை 100க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல ஓடும், முழுசா 50 சதவீதம். 2014ல பென்டியம் ஜி3258ன்னு ரெண்டு கோர் சிப்பை மல்டிப்ளையர் திறந்து விட்டாங்க, 3.2 ஜிகாஹெர்ட்ஸ் சிப்பு, அதை 4.5 பக்கம் ஓட்டினவங்க ஏராளம். அந்த மாதிரி லாபம் இப்போ எந்த கம்பெனி சிப்லயும் வராது, ஏன்னா பேக்டரிலயே பெரும்பாலானதைப் பிழிஞ்சு எடுத்துதான் அனுப்புறாங்க. 2600ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுதான் அதோட அழகு.

இன்னொண்ணு, கேமுக்காகத்தான் பண்றீங்கன்னா முதல்ல கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு யூசேஜ் எவ்வளவுன்னு பாருங்க. அது 97, 99 சதவீதத்துல முட்டிக்கிட்டு நிக்குதுன்னா உங்களுக்குத் தடை கார்டுதான், சிபியூவை எவ்வளவு ஏத்தினாலும் ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது. கார்டு 60, 70ல சும்மா கிடக்கு, ஆனா கேம் திக்குதுன்னாதான் சிபியூ பக்கம் வேலை இருக்கு. வீடியோ ரெண்டர், கோட் கம்பைல், பிளெண்டர் மாதிரி வேலை பண்றவங்களுக்கு இந்தக் கேள்வியே இல்ல, லாபம் நேரா தெரியும்.

கையை வைக்குறதுக்கு முன்னாடி

கூலர். பாக்ஸோட வர்ற ரைத் ஸ்டெல்த் சின்ன அலுமினியக் கட்டி, ஸ்டாக் ஸ்பீடுக்குத்தான், அதாவது கம்பெனி வச்ச வேகத்துக்குத்தான் அது கணக்கு. அதை வச்சுக்கிட்டு 3.8, 3.9 வரைக்கும் கம்மி வோல்டேஜ்ல முயற்சி பண்ணலாம், அதுக்கு மேல வேண்டாம். நாலு ஹீட்பைப் இருக்குற டவர் கூலர் ஒண்ணு, டீப்கூல் ஏஜி400 மாதிரி, இந்த வேலைக்குத் தாராளமா போதும், வாட்டர் கூலிங் எல்லாம் தேவையே இல்ல.

பழைய கூலரைக் கழட்டும்போது மட்டும் ரொம்ப கவனம். ஏஎம்4 சிப்புல பின் சிப்போட அடியில இருக்கு, சாக்கெட்ல இல்ல. நடுவுல தடவியிருக்குற தெர்மல் பேஸ்ட் காஞ்சு கூலரும் சிப்பும் ஒட்டிக்கிட்டிருக்கும், நேரா மேல இழுத்தா சாக்கெட் லிவர் பூட்டியிருந்தாலும் சிப் கூலரோடவே பிடுங்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சுதுன்னா பெரிய தலைவலி. அதனால ஒரு பத்து நிமிஷம் ஏதாவது லோடு போட்டு சிப்பை சூடாக்கிட்டு ஷட்டவுன் பண்ணுங்க, பவர் சப்ளை சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி, கூலரைத் தூக்காம இடது வலதுன்னு மெதுவா திருகுங்க. வழுக்குற மாதிரி லூஸ் ஆனதுக்கு அப்புறம்தான் தூக்கணும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு புதுசா பட்டாணி அளவு வச்சா போதும்.

போர்டுல அடுத்து பாக்க வேண்டியது விஆர்எம், சிபியூவுக்குக் கரண்ட் குடுக்குற பகுதி, சாக்கெட்டுக்கு இடது பக்கமும் மேலயும் இருக்கும். அங்க ஹீட்சிங்க் இருக்கான்னு பாருங்க. இல்லாத சீப் பி450 போர்டும் இருக்கு, அதுல 2600ஐ 1.35 வோல்ட்ல மணிக்கணக்கா அடிச்சா விஆர்எம் சூடாகி, அதுவே சிபியூவை வேகம் குறைக்க வச்சிடும். அப்படிப்பட்ட போர்டுன்னா 1.25 வோல்ட்டைத் தாண்டாதீங்க, கேஸ்ல காத்து நல்லா வர்ற மாதிரி ஒரு ஃபேனையாவது அந்தப் பக்கம் பாத்து வைங்க. எம்எஸ்ஐ பி450 டோமஹாக்குக்கு அந்தக் காலத்துல அவ்வளவு நல்ல பேர் வந்ததுக்குக் காரணமே இந்த விஆர்எம்தான்.

பவர் சப்ளையைப் பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். கேஸோட ஃப்ரீயா வந்த, ஸ்டிக்கர்ல மட்டும் 450 வாட்னு போட்டிருக்குற எஸ்எம்பிஎஸ்ஸை வச்சு ஓவர்கிளாக் பண்ணாதீங்க. 80 பிளஸ் சர்டிஃபிகேட் இருக்குற ஒரு நல்ல கம்பெனி சப்ளை மொதல்ல வாங்குங்க, அந்தக் காசு இல்லன்னா ஓவர்கிளாக் காத்திருக்கட்டும். யூபிஎஸ்லயும் ஒரு கண்ணு வைங்க, சாதாரணமா எல்லாரும் வாங்குற 600 விஏ யூபிஎஸ்ஸோட தாங்கு சக்தி 360 வாட்தான், ஏத்தின சிபியூவும் கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேந்து இழுக்கும்போது கரண்ட் போனா மொத்தமா ஆஃப் ஆகிடும்.

வாரண்டி இருக்குற சிப்புன்னா இதையும் தெரிஞ்சுக்கோங்க, ஓவர்கிளாக்கால வர்ற சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி கிடையாது. முக்கியமான ஃபைலை எல்லாம் பேக்கப் எடுத்துடுங்க, ஏன்னா ஸ்டேபிள் இல்லாத பிசி எழுதுற நேரத்துல ஹேங் ஆச்சுன்னா ஃபைல் கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

சாஃப்ட்வேர் மூணு போதும். சூடு, வோல்டேஜ், கிளாக் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ, வேகத்தை அளக்க சினிபெஞ்ச் ஆர்23, அப்புறம் சிப்பை முழு லோடுல வச்சு சோதிக்க ஓசிசிடி இல்ல பிரைம்95. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி சினிபெஞ்ச்ல மல்டி கோர் ஸ்கோர், சிங்கிள் கோர் ஸ்கோர், அப்போ இருந்த டெம்பரேச்சர், கிளாக், வோல்டேஜ் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. இது இல்லாம ஆரம்பிச்சா பின்னாடி ஏறுச்சா இறங்குச்சான்னே தெரியாது.

வோல்டேஜ் பாக்குறப்போ எச்டபிள்யூஇன்ஃபோல எஸ்விஐ2 டிஎஃப்என்னு போட்டிருக்குற கோர் வோல்டேஜ் வரியைத்தான் நம்பணும். சிப்புக்கு நிஜமா வந்து சேர்ற வோல்டேஜுக்கு ரொம்ப கிட்ட இருக்குறது அதுதான். விஐடின்னு காட்டுறது சிப் கேக்குற அளவு, வாங்குற அளவு இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிட்டு பயந்து போறவங்க ஜாஸ்தி.

ரேம்தான் முதல் படி

இதைப் பண்ணாம சிபியூவைத் தொடாதீங்க. ரைசன்ல சிப்போட உள் பாதை, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்னு சொல்வாங்க, அது ரேம் ஸ்பீடோட கட்டிப் போட்ட மாதிரிதான் ஓடுது. ரேம் 3200ன்னா உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், ஃபேப்ரிக்கும் 1600. ரேம் 2133ல கிடந்தா ஃபேப்ரிக்கும் 1066ல தூங்கும். 3200 ரேம் காசு குடுத்து வாங்கிட்டு, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டோட செட்டிங் மாத்துற இடம்) ரேமோட வேக ப்ரொஃபைலை ஆன் பண்ணாம வருஷக்கணக்கா 2133லயோ 2400லயோ ஓட்டுற பிசியை நான் எத்தனையோ பாத்திருக்கேன். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போய் ஸ்பீடு என்னன்னு இப்பவே பாருங்க. கேம்ல பல நேரம் சிபியூ கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ் ஏத்துறதை விட இது குடுக்குற லாபம் பெருசு.

பிசி ஆன் ஆகும்போது டிலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள்ள போங்க. ஆசஸ் போர்டுல டிஓசிபி, எம்எஸ்ஐல ஏ-எக்ஸ்எம்பி, ஜிகாபைட்ல எக்ஸ்எம்பின்னு இருக்கும், எல்லாம் ஒண்ணுதான். ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க. 2600க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்ற ரேம் ஸ்பீடு 2933, ஆனா ரெண்டு ஸ்டிக் போட்டு 3000, 3200ல நல்லா ஓடுறது சகஜம். பூட் ஆகலன்னா 2933க்கு இறக்கிப் பாருங்க. பூட் ஆன பிறகு ரேமை சோதிக்குற மெம்டெஸ்ட்86 ஒரு முழு ரவுண்டு ஓட விடுங்க, ஒரு எரர் கூட இருக்கக் கூடாது. இதை ஏன் முதல்ல முடிக்கச் சொல்றேன்னா, ரேமையும் சிபியூவையும் ஒரே நாள்ல மாத்திட்டு கிராஷ் ஆச்சுன்னா குத்தவாளி யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ரேம் ரெண்டு ஸ்டிக்கா இல்லாம ஒரே ஸ்டிக்கா இருந்தா, ஓவர்கிளாக்கை மறந்துட்டு இன்னொரு ஸ்டிக் வாங்குங்க.

இப்போ சிபியூ

பயாஸ்ல நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு ஆப்ஷன்தான். ஒண்ணு மல்டிப்ளையர், எம்எஸ்ஐல சிபியூ ரேஷியோன்னும் ஆசஸ்ல சிபியூ கோர் ரேஷியோன்னும் இருக்கும். இன்னொண்ணு சிபியூ கோர் வோல்டேஜ். மல்டிப்ளையர் பெருக்குற போர்டோட அடிப்படை கிளாக் (பிசிஎல்கே, முன்னாடி சொன்ன 3.4 இல்ல) 100 மெகாஹெர்ட்ஸ், அதைத் தொட வேண்டாம், ஏஎம்4 போர்டுல அதை மாத்தினா கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் போற பிசிஐஇ, சாட்டா பாதை எல்லாம் சேந்து நகரும், எஸ்எஸ்டில இருக்குற டேட்டாவை எதுக்கு பணயம் வைக்கணும்.

மல்டிப்ளையரை 38னு வைங்க, 3.8 ஜிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை 1.25னு கையால போடுங்க. ஆட்டோல விட்டுடாதீங்க, இது ரொம்ப முக்கியம். நிறைய போர்டு, மல்டிப்ளையரை மாத்தினதும் எதுக்கு வம்புன்னு தானாவே 1.4 வோல்ட்டுக்கு மேல குடுத்துடும், நீங்க பாட்டுக்கு சூடு ஏன் இவ்வளவுன்னு கூலரைத் திட்டிட்டு இருப்பீங்க.

இந்த இடத்துல எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஸ்டாக்ல இருக்கும்போதே எச்டபிள்யூஇன்ஃபோல சில நேரம் 1.4 வோல்ட்டுக்கு மேல காட்டுதே, அப்போ நானும் 1.45 வச்சா என்ன தப்புன்னு. தப்புதான். சிப் தானா அந்த வோல்டேஜுக்குப் போறது ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் லேசான வேலை செய்யுறப்போ, கரண்ட் ரொம்பக் கம்மியா இருக்குறப்போ. எல்லா கோரும் முழு லோடுல இருக்கும்போது அதுவே வோல்டேஜை இறக்கிக்கும். நீங்க 1.45ஐ ஃபிக்ஸ் பண்ணா முழு கரண்ட்லயும் அதே 1.45 ஓடும், ரெண்டும் ஒண்ணு கிடையாது. 2600க்கு தினசரி ஓட்டத்துக்கு 1.35 வரைக்கும் நான் போவேன், 1.4ஐ எந்தக் காரணத்துக்காகவும் தாண்ட மாட்டேன். சூடு விஷயத்துல இந்த சிப்போட உச்ச வரம்பு 95 டிகிரி, ஆனா நம்ம கோடு 80, 85தான்.

3.8, 1.25ல பூட் ஆச்சுன்னா சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிஷ டெஸ்ட் ஓட விடுங்க. எச்டபிள்யூஇன்ஃபோ பக்கத்துல திறந்தே இருக்கட்டும். பாஸ் ஆச்சா, திரும்ப பயாஸ், மல்டிப்ளையர் 39, வோல்டேஜ் அதே. பாஸ் ஆச்சா, 40. எங்கயாவது கிராஷ் ஆச்சுன்னா அப்போதான் வோல்டேஜை 0.025 ஏத்தணும், மறுபடி டெஸ்ட். 40க்கு மேல போறப்போ ஒரேடியா 41க்குத் தாவாம 40.25, 40.5ன்னு கால் கால் படியா போங்க, இந்த சிப் அதுக்கு விடும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், மாத்தினதை எழுதணும். சலிப்பா இருக்கும், ஆனா வேற குறுக்கு வழி இல்ல, நெட்ல யாரோ போட்ட நம்பரை அப்படியே காப்பி பண்ணாதீங்க, ஒரே வேஃபர்ல (சிப் வெட்டுற சிலிக்கான் தட்டு) பக்கத்துல பக்கத்துல வெட்டின ரெண்டு சிப் கூட ஒரே மாதிரி இருக்காது.

பெரும்பாலான 2600 4.0 வரைக்கும் கஷ்டமில்லாம வரும், 4.1க்கு 1.35 சுத்தி கேக்கும், 4.2 அதிர்ஷ்டம். திடீர்னு ஒரு இடத்துல சுவர் மாதிரி நிக்கும் பாருங்க, 4.0க்கு 1.275 போதும்னு இருந்தது அடுத்த 75 மெகாஹெர்ட்ஸுக்கு 1.375 கேக்கும். அந்த இடம்தான் நீங்க தேடுறது. அதுக்குக் கீழ ஒரு படி இறங்கி உக்காந்துடுங்க.

வோல்டேஜ் இறங்குற விஷயம்

பயாஸ்ல 1.30னு போட்டிருப்பீங்க, ஐடில்ல 1.30 காட்டும், சினிபெஞ்ச் ஆரம்பிச்சதும் 1.25க்கு விழும். மோட்டார் ஒண்ணே ஓடுறப்போ வீட்ல எல்லா குழாயையும் திறந்தா ஒவ்வொண்ணுலயும் தண்ணி வேகம் குறையுதுல்ல, அதே மாதிரிதான், லோடு ஏறினா வோல்டேஜ் கொஞ்சம் சரியும். இதை ஈடுகட்ட லோட் லைன் கேலிப்ரேஷன், சுருக்கமா எல்எல்சின்னு ஒரு செட்டிங் இருக்கு. நடு லெவல்ல வைங்க. ஃபுல்லா ஏத்தினா வேற பிரச்சினை, லோடு சட்டுன்னு விடுபடுற நொடியில வோல்டேஜ் மேல எகிறும், அந்த எகிறல் எச்டபிள்யூஇன்ஃபோ கண்ணுக்குக் கூட மாட்டாது. இன்னொரு குழப்பம், சில போர்டுல நம்பர் பெருசானா ஸ்ட்ராங், சில போர்டுல லெவல் 1தான் ரொம்ப ஸ்ட்ராங். பக்கத்துல கிராஃப் காட்டினா அதைப் பாருங்க, இல்லன்னா ஒரு லெவல் மாத்தி, லோடுல எஸ்விஐ2 வரி எவ்வளவு காட்டுதுன்னு அளந்து பாருங்க. கணக்குல எடுத்துக்க வேண்டியது பயாஸ்ல போட்ட நம்பர் இல்ல, லோடுல நிக்குற நம்பர்தான்.

டெஸ்ட்

சினிபெஞ்ச் பாஸ் ஆனது வெறும் முதல் கதவு. அடுத்து ஓசிசிடி அரை மணி நேரம், அதுவும் பாஸ் ஆனா பிரைம்95 பிளெண்ட் ஒரு நாலஞ்சு மணி நேரம். பிரைம்95லயே ஸ்மால் எஃப்எஃப்டின்னு ஒண்ணு இருக்கு, நிஜ வேலை எதுவும் இவ்வளவு சூடாக்காது, கூலரோட எல்லையைப் பாக்கறதுக்கு ஒரு பத்து நிமிஷம் ஓட்டினா போதும், ராத்திரி முழுக்க அதுல போட்டு சிப்பை வதைக்க வேண்டாம்.

எப்படி ஃபெயில் ஆகுதுங்கறதே ஒரு தகவல். பிரைம்95ல ஒரு வொர்க்கர் (தனியா ஓடுற ஒரு சோதனை) மட்டும் நின்னு போச்சு, மத்தது ஓடுதுன்னா நீங்க ரொம்பக் கிட்ட வந்துட்டீங்க, 0.0125 ஏத்தினா சரியாகிடும். பிசி பட்டுன்னு கருப்பாகி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா வோல்டேஜ் நல்லாவே பத்தல, இல்ல பவர் சப்ளை தாங்கல. பூட்டே ஆகலன்னா, இந்த அளவு கிளாக்ல பெரும்பாலும் ரேம் செட்டிங்தான் காரணமா இருக்கும். டெம்பரேச்சர் உச்ச வரம்பான 95 பக்கம் போய் கிளாக் தானா இறங்குதுன்னா அது ஸ்டெபிலிட்டி பிரச்சினையே இல்ல, கூலர் பிரச்சினை, அப்போ வோல்டேஜை ஏத்தினா இன்னும் மோசமாகும்.

எல்லாத்தையும் விட ஏமாத்துறது டபிள்யூஎச்இஏ எரர், விண்டோஸ் பதிவு பண்ற ஹார்டுவேர் தப்பு. பிசி நல்லா ஓடும், கிராஷ் இருக்காது, டெஸ்ட் பாஸ் ஆகும், ஆனா எச்டபிள்யூஇன்ஃபோல கடைசில விண்டோஸ் ஹார்டுவேர் எரர்ஸ்னு ஒரு வரி இருக்கும், அங்க 0க்கு பதிலா 3, 7ன்னு ஏறிட்டே இருக்கும். சிப் தப்புப் பண்ணிட்டு தானே திருத்திக்குதுன்னு அர்த்தம். இன்னைக்குத் திருத்திக்குது, ஒரு நாள் முடியாது. அந்த வரி சுத்தமா 0ல இருந்தாதான் ஸ்டேபிள்னு ஒத்துக்கணும், விண்டோஸ் ஈவென்ட் வியூவர்லயும் சிஸ்டம் லாக்ல இது பதிவாகும்.

நம்ம ஊர்ல டெஸ்ட்டை எப்போ பண்றோம்கறதும் கணக்கு. ரூம் 24 டிகிரில இருக்குறப்போ சிபியூ 74 காட்டுச்சுன்னா, அதே பிசி மே மாச மதியம் ஏசி இல்லாம 38 டிகிரி ரூம்ல கிட்டத்தட்ட 88 காட்டும், ரூம் சூடு எவ்வளவு ஏறுதோ அவ்வளவும் அப்படியே சிப் மேல வந்து உக்காரும். சூடு ஏறினா அதே கிளாக்குக்கு வோல்டேஜும் கொஞ்சம் கூட கேக்கும், டிசம்பர்ல பாஸ் ஆன செட்டிங் மே மாசம் கிராஷ் ஆகறதுக்குக் காரணம் இதுதான். அதனால ஃபைனல் டெஸ்ட்டை மதியம், ஏசி ஆஃப், கேஸ் கதவு மூடி, ஃபேன் வழக்கமா எப்படி ஓடுமோ அப்படியே வச்சுப் பண்ணுங்க. கேஸ் சைடு பேனலைத் திறந்து வச்சு டேபிள் ஃபேன் அடிச்சு எடுத்த டெம்பரேச்சருக்கு மதிப்பே இல்ல.

2600 இல்லாம வேற ரைசன்னா

2600ல இந்த மேனுவல் முறை ஏன் லாபம்னா, அதோட பூஸ்டே 3.9தான், நாம எல்லா கோரையும் 4.0ல வைக்கும்போது சிங்கிள் கோரும் சேந்து ஏறுது. 2600எக்ஸ், 3600 மாதிரி சிப்புல பூஸ்ட் 4.2. அதை எல்லா கோரும் 4.1னு ஃபிக்ஸ் பண்ணா மல்டி கோர் ஸ்கோர் ஏறும், சிங்கிள் கோர் 4.2லேர்ந்து 4.1க்கு இறங்கிடும், கேம்ல நஷ்டம். ஆரம்பத்துல சிங்கிள் கோர் ஸ்கோரையும் எழுதச் சொன்னது இதுக்குத்தான். 3000 சீரிஸ்ல 3600 மாதிரி சிப்பை 7 நானோமீட்டர் முறையில செஞ்சிருக்காங்க, அது வேற, 2600க்கு சொன்ன 1.35ஐ அங்க ஃபிக்ஸ் பண்ணி வைக்காதீங்க, 1.3ஐ நெருங்காம இருக்குறதே நல்லது.

5600 மாதிரி 5000 சீரிஸ் வச்சிருக்கவங்க மேனுவல் பக்கமே போக வேண்டாம். பயாஸ்ல பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதுக்குள்ள கர்வ் ஆப்டிமைசர்னு இருக்கும், எல்லா கோர், நெகட்டிவ், 10 இல்ல 15னு ஆரம்பிங்க, 30 வரைக்கும் போகலாம். இது வோல்டேஜைக் குறைக்குது, குறைஞ்சதுல கிடைக்குற இடத்துல சிப் தானா கிளாக்கை ஏத்திக்குது. சூடும் குறையும், வேகமும் கொஞ்சம் ஏறும், கம்மி விலைக் கூலர் வச்சிருக்கவங்களுக்கு இதை விட நல்ல வழி கிடையாது. ஆனா இதுல கிராஷ் ஃபுல் லோடுல வராது, யூடியூப் பாத்துட்டு இருக்கும்போதோ, பிசியை சும்மா விட்டுட்டு சாப்பிடப் போனப்போவோ ரீஸ்டார்ட் ஆகும், ஏன்னா ஒத்தைக் கோர் உச்ச பூஸ்ட்டுக்குப் போற நேரத்துலதான் வோல்டேஜ் பத்தாம போகுது. அதைப் பிடிக்க கோர்சைக்லர்னு ஒரு இலவச டூல் இருக்கு, ஒவ்வொரு கோரா மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணும், ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. எந்தக் கோர் தோக்குதோ அதுக்கு மட்டும் நெகட்டிவைக் குறைச்சா போதும்.

பூட் ஆகலன்னா, அப்புறம் எல்லாம் முடிஞ்சதும்

கருப்பு ஸ்கிரீன்ல நின்னா பதறாதீங்க. பெரும்பாலான போர்டு சில தடவை முயற்சி பண்ணிட்டு தானாவே பழைய செட்டிங்ல வந்துடும், ரெண்டு மூணு நிமிஷம் பொறுங்க. வரலன்னா பவர் சப்ளையை ஆஃப் பண்ணி வயரைப் பிடுங்கிட்டு, போர்டுல சிஎம்ஓஎஸ் கிளியர்னு எழுதியிருக்குற ரெண்டு பின்னை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு பத்து செகண்ட் தொடுங்க. பின்னைக் கண்டுபிடிக்க முடியலன்னா அந்த வட்ட பேட்டரி, சிஆர்2032, அதைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போயிடும், ரேம் ப்ரொஃபைலும் சேந்து போயிடும்கறதை மறக்காம திரும்ப ஆன் பண்ணுங்க.

எல்லாம் நல்லா நின்னுச்சுன்னா அந்த செட்டிங்கை பயாஸ்ல ஒரு ப்ரொஃபைலா சேவ் பண்ணிக்கோங்க, நோட்டுலயும் எழுதி வைங்க. பயாஸ் அப்டேட் பண்ணா சேவ் பண்ண ப்ரொஃபைல் போயிடும், பழைய ப்ரொஃபைலைப் புது பயாஸ்ல ஏத்துறதும் நல்லதில்ல, நோட்டைப் பாத்து கையால போடுறதுதான் சரி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூலர்ல தூசி தட்டிட்டு அதே சினிபெஞ்ச் பத்து நிமிஷம் ஓட்டி, பழைய டெம்பரேச்சரோட ஒப்பிட்டுப் பாருங்க. சூடு மட்டும் ஏறியிருந்தா பேஸ்ட் மாத்துற நேரம். சூடு அதேதான், ஆனா முன்னாடி நின்ன வோல்டேஜ்ல இப்போ கிராஷ் ஆகுதுன்னா சிப் தேய ஆரம்பிச்சிருக்கு, அப்போ வோல்டேஜை ஏத்தாதீங்க, கிளாக்கை 50, 75 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்க.